உது

சிம் லிம் கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
பெட்டியைப் பிரித்துக் காட்டினார் திரு. கோ.
கறுப்பு நிறம். வாலில்லாத மவுஸ்.
ஏழு நாள் வைத்துப் பாருங்கள்,
பிடிக்காவிட்டால் கொண்டு வாருங்கள் என்றார்.
பெண் பார்க்கப் போகும் வீட்டில்
யாரும் சொல்லாத வாசகம்.

ஊபியில் எனக்கு வடிகால் வரையும் வேலை.
நாளொன்றுக்கு நாலாயிரம் சொடுக்கு.
மாலை ஐந்துக்கு மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும்.
பாலிகிளினிக் டாக்டர் நீலப் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டு
எலியை மாத்தும்மா என்றார்.

மாற்றினேன்.
கட்டைவிரலுக்கென்று ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள்,
யாருடைய விரலையோ அளந்து.
அதில் என் விரல்
அடுத்தவர் செருப்புக்குள் போன கால்.

தடம் பிடிக்கிறதா என்று பார்க்க
வீட்டுக் கண்ணாடி மேசையில் ஓட்டினேன்.
குருடு.
அம்பு நின்ற இடத்திலேயே நின்று நடுங்கியது.
நாளிதழை விரித்து அதன்மேல் வைத்தேன்.
தலைப்புகளில் வழுக்கி ஓடியது,
இரங்கல் பக்கத்தில் தயங்கியது.
அச்சு மையின் கோளாறாக இருக்கலாம்.

மடிக்கணினியோடு கீழ்த்தளத்துக்கு இறங்கினேன்.
சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை.
கறுப்பிலும் வெள்ளையிலும் ஒரே வேகம்,
பிசிறில்லை.
எதிர் முக்காலியில்
கோப்பிப் பை விரலில் தொங்க உட்கார்ந்திருந்தவர்
நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:
இது என்ன ஆட்டம்,
காய் ஒன்றுதானா?

சத்தமில்லாச் சொடுக்கு என்று பெட்டியில் போட்டிருந்தது.
உண்மைதான்.
சத்தம் கேட்காததால் விரல் நம்பவில்லை,
இன்னொரு முறை அழுத்திற்று.
தெம்பனிஸில் ஒரு தெருவுக்கு
காகிதத்தில் இரட்டைச் சாக்கடை.

இரவு பதினொன்றரைக்கு
எந்தக் கோடு உபரி என்று தெரியாமல்
தயாபரனை எழுப்பித் திரையைக் காட்டினேன்.
அரைக்கண் திறந்து
'உது' என்றான்.

அதுவா?
இல்லை, உது.
இதுவா?
உதுதான் என்றேனே.

அ, இ, உ, சுட்டெழுத்து மூன்று.
மூன்றாவதை
வழக்கொழிந்தது என்று ஒரே வரியில் கடந்து போனார்
எங்கள் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை.
யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் காணாத இவன் வீட்டில்
அது தினமும் மூன்று வேளை சாப்பிடுகிறது.
உதை எடு, உங்கே வை,
உவன் எங்கே போனான்.
எட்டு வருடமாகத் திருத்திக்கொண்டிருந்தேன்.

கைநீட்டினால் விரல் கண்ணாடியில் முட்டுகிறது.
கோடு அதற்குப் பின்னால்.
இது என்று சொல்ல என் பக்கம் இல்லை,
அது என்று தள்ள அவ்வளவு தூரமும் இல்லை.
அம்பை அங்கே,
இல்லை, உங்கே கொண்டுபோய் அழித்தேன்.
சொடுக்கு கேட்கவில்லை.
கோடு போயிருந்தது.
அவன் தூங்கியிருந்தான்.

ஏழாம் நாள்.
மணிக்கட்டில் வலி இல்லை.
முழங்கைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது,
அங்கே வாடகை குறைவு போலும்.
தடத்துக்கு ஐந்துக்கு நாலு, கண்ணாடி நீங்கலாக.
வசதிக்கு இரண்டரை.
பிடித்ததா என்றால்
அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

பெட்டி, ரசீது, மவுஸ்,
மூன்றையும் பைக்குள் போட்டு ரயிலேறினேன்.
மெக்பர்சன் தாண்டிக் குனிந்தால்
பைக்குள் சின்னச் சிவப்பு வெளிச்சம்.
அணைக்க மறந்திருக்கிறேன்.
பத்து மீட்டருக்குள் அதற்குத் தெரிந்த திரை எதுவும் இல்லை.
ஆனாலும் வண்டி குலுங்கும்போதெல்லாம்
பையின் துணிமேல் நகர்ந்து நகர்ந்து
ஜாலான் புசார் வரை
எதையோ சுட்டிக்கொண்டே வந்தது.

இறங்கினேன்.
கடைப்பக்கம் போகும் வாசலில் கொஞ்சம் நின்றேன்.
ரசீதில் மை பாதி மங்கியிருந்தது,
தேதி மட்டும் தெளிவாக.